எங்கள் தோட்டப் படம்: பெண்கள், சிறுபான்மையினர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நடப்பதாக ஒரு படத்துக்குத் திரைக்கதை எழுதி முடித்திருக்கிறோம். கதை 1945 செப்டம்பரில், ஜப்பான்காரன் போன கையோடு தொடங்குகிறது. 1951-ல், தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுற்றி முள்வேலி வந்த பிறகு முடிகிறது. தோட்டமும் மனிதர்களும் கற்பனை. சுற்றி நடப்பவை நடந்தவை. நாயகி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். ஜப்பானியர் போட்ட ரயில் பாதை வேலைக்குச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போன கணவன் திரும்பவில்லை, இரண்டு பிள்ளைகள், மாமியார்.

நடிக்க வருகிறவர்களும், வீட்டில் இருக்கும் பழைய சேலையைத் தருகிறேன் என்பவர்களும், திரைக்கதையைப் படித்துவிட்டு முகம் சுளித்தவர்களும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான்: பெண்களையும் சிறுபான்மையினரையும் எப்படிக் காட்டப் போகிறீர்கள்? திரைக்கதையில் பாதி என்னுடையது என்பதால் பதில் எழுதும் வேலையும் எனக்கு வந்தது. குழுவில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகவில்லை. அதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

போருக்குப் பிந்தைய அந்த ஐந்தாறு வருடங்களை ஏன் எடுத்தீர்கள்?

எங்கள் ஊர்ப் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு நாளுக்காக. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில், கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்க, நாடு முழுவதும் அவசரகாலம். அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்த மூன்று பேரைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. அன்று காலை சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து நின்ற பெண்களைப் பற்றி யார் எழுதினார்கள்? எங்கள் படத்தில் கொலை திரையில் வராது. பால் நிறுக்கும் இடத்துக்குச் செய்தி வந்து சேரும். வரிசையில் நிற்கிறவர்களின் முதல் கவலை, இன்றைக்கு யார் கணக்கு எழுதுவார்கள், சம்பளம் வருமா என்பதுதான்.

பழைய படங்களிலும் பெண் பாத்திரங்கள் நிறையத்தானே இருக்கிறார்கள்? இதில் என்ன புதுசு?

இருக்கிறார்கள், ஆனால் சும்மா நிற்கிறார்கள். தோட்டத்துக் கதை என்று வந்தாலே ஆண் காட்டுக்குப் போவான், சங்கம் வைப்பான், அடி வாங்குவான். பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் அவன் வரும் வழியைப் பார்ப்பாள். உண்மையில் அவளும் அதே இருட்டில் எழுந்து, அதே பெரட்டில் நின்றவள். செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) அவள் பெயரும் உண்டு.

படத்தின் முதல் பத்து நிமிடம் அவளுடைய ஒரு நாள்தான். கோழி கூவுவதற்கு முன் அடுப்பு. தூங்குகிற பிள்ளையைத் தூக்கி ஆயாக் கொட்டகையில் போடுவது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துணி. தனக்குக் கொடுத்த நிரையில் (மர வரிசையில்) மரம் மரமாக ஓடுவது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் இந்த ஓட்டம். பட்டையை ஆழமாகச் சீவினால் மரத்தில் காயம், மண்டோர் (மேற்பார்வையாளர்) ஏசுவார். மேலாகச் சீவினால் பால் வராது, கூலியில் இடிக்கும். இந்தக் கைத்திறனைப் படத்தில் காட்டுவதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அப்புறம் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் (தோள் கம்பில்) தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமப்பது. மறுநாள், உறைந்து ஒட்டிக்கொண்ட ஒட்டுப்பால் பொறுக்குவதும் அவள் வேலைதான். வீட்டுக்கு வந்தால் தண்ணீர், விறகு, சோறு.

கூலி என்ன? 1930களில் அரசு வகுத்த அளவுப்படி ஆணுக்கு நாளுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. போருக்குப் பிறகு தொகை ஏறியது, விலைவாசி அதைவிட வேகமாக ஏறியது. சம்பள நாள் காட்சியில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) அவள் கையில் காசை எண்ணி வைப்பார், பக்கத்தில் நிற்கும் ஆணின் கையிலும் எண்ணி வைப்பார். வசனம் எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறோம். இயக்குநர் ஒரு வரியாவது வேண்டும் என்கிறார். அந்தச் சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணவன் சயாமுக்குப் போனவன் என்கிறீர்கள். அவள் கட்டியது வெள்ளைச் சேலையா, வண்ணச் சேலையா?

நல்ல கேள்வி. நடிக்க வந்த ஒரு அம்மா கேட்டது. சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். சில இடங்களில் குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது பெயர்ப் பட்டியல் இருந்தது. தோட்டத்துக்காரன் செத்தால் ஊருக்குத் தாள் வராது. காலரா வந்த முகாமில் யார் யார் போனார்கள் என்று தப்பி வந்தவன் சொன்னால்தான் உண்டு.

ஆகவே 1945 கடைசியில் ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படிப் பெண்கள் இருந்தார்கள். தாலி கழுத்தில் இருக்கிறது, கட்டியவன் இருக்கிறானா தெரியாது. எங்கள் நாயகி வண்ணச் சேலைதான் கட்டுகிறாள். மாமியார் பொட்டை அழிக்கச் சொல்கிறாள், பிறகு ஒரு நாள் அதே மாமியார் அழிக்காதே என்கிறாள். காரணம் பாசம் மட்டும் இல்லை. மருமகள் விதவை என்று ஆகிவிட்டால் அவளை யாராவது மறுமணத்துக்குக் கேட்பார்கள், அப்போது வீட்டுக்கு வரும் ஒரே கூலியும் போய்விடும். மாமியாரை வில்லியாக்காமல் இதைச் சொல்ல முடியும் என்பது என் நம்பிக்கை. அவளும் மகனைப் பறிகொடுத்தவள்தானே.

ஜான்சி ராணிப் படை வருகிறதா? நாயகியையே அதில் சேர்த்திருந்தால் படம் ஓடுமே?

ஓடும், தெரியும். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவு அது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அந்தப் படைக்குப் பயிற்சி தொடங்கியது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்து மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் லட்சுமி தலைமை. கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர் பதினெட்டு வயதில் சேர்ந்து பர்மா வரை போனார், 1946-ல் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது அதிலும் இருந்தார். அவரைப் போன்ற வசதியான வீட்டுப் பெண்களோடு தோட்டத்துப் பெண்களும் அந்த முகாமில் துப்பாக்கி பிடித்தார்கள். பேசப்பட்ட பெயர்கள் முதல் வகை. எங்களுக்கு இரண்டாம் வகை வேண்டும்.

அதனால் நாயகியின் தங்கை ராணிப் படையிலிருந்து திரும்பி வருகிறாள். முடி குட்டை, நடை நிமிர்ந்த நடை, லயத்தில் எல்லோருக்கும் அவளைப் பார்த்தால் ஒரு கூச்சம். மாப்பிள்ளை அமையவில்லை. அவள் மறுபடி வாளியைத் தூக்க வேண்டும், வேறு வழியில்லை. வீர வசனம் வேண்டாம் என்று முடிவு. ஒரே ஒரு இடத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடம், வலம் சொல்லி நடை பழக்குகிறாள், அதுவும் விளையாட்டாக.

இன்றைய பெண்ணியத்தை அன்றைய பெண் வாயில் திணிக்கிறீர்களே?

அதிகமாக வரும் குற்றச்சாட்டு இது. சொல்கிறவர்கள் அன்றைய பெண் வாய் திறக்காதவள் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கூலி உயர்வு மட்டும் இல்லை. துரையை (வெள்ளைக்கார மேலாளரை) கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரைமாரும் அவர்களுடைய ஆட்களும் தொழிலாளர் வீட்டுப் பெண்களைத் தொல்லை செய்வது நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். போருக்கு முன்பே எழுதிக் கேட்ட விஷயத்தைப் போருக்குப் பின் ஒருத்தி பேசினால் அது திணிப்பா?

1947-ல் கெடாவில் பீடோங் பக்கம் தோட்டத்து இளைஞர்களின் தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராக நின்றபோது போலீஸ் வந்தது, உயிர் போனது. கூலி கள்ளுக்கடையில் கரைந்தால் பட்டினி கிடப்பது யார் என்று லயத்தில் தெரியாதவர் யாருமில்லை. நாயகிக்கு உரிமை, சமத்துவம் என்ற சொற்களை நாங்கள் கொடுக்கவில்லை. அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போடத் தெரிந்தவள் அவள், அந்தக் கணக்கே போதும்.

துரை அல்லது கிராணி பெண்ணிடம் தவறாக நடக்கும் காட்சி உண்டா? என் மகள் நடிக்கிறாள்.

சம்பவம் கதையில் உண்டு, காட்சி இல்லை. பெரட்டில் ஒருத்தியை மட்டும் தனி நிரைக்கு அனுப்புகிறார்கள். மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். மறுநாள் அந்த நிரைக்கு மூன்று பெண்கள் கேட்காமலே கூடப் போகிறார்கள். அவ்வளவுதான் படமாகும். கிழிந்த சேலை, மழை, இடி இதெல்லாம் கிடையாது. அந்த வகைக் காட்சியில் கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வரும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை அந்த நாள் படப்பிடிப்புக்கே கூப்பிடவில்லை.

சிறுபான்மையினர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? நாமே சிறுபான்மைதானே?

நாட்டில் சிறுபான்மை, தோட்டத்தில் பெரும்பான்மை. அதுதான் சிக்கல். தோட்டத்துக்குள்ளே தெலுங்கர், மலையாளி, இலங்கைத் தமிழர், வாசலில் ஜாகா (காவல்) வேலைக்கு நிற்கும் சீக்கியர், துணி மூட்டையோடு வரும் தமிழ் முஸ்லிம் வியாபாரி, கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்யும் சீனர் எல்லோரும் இருந்தார்கள். நம் படங்களில் இவர்கள் சிரிப்புக்கு வருகிறார்கள்: மலையாளி கிராணி என்றால் தந்திரக்காரன், சீக்கியர் என்றால் தூங்குமூஞ்சி ஜாகா. நம்மைப் பிறமொழிப் படங்களில் குடிகாரனாகவும் அடியாளாகவும் காட்டினால் துடிக்கிறோம். அதையே திருப்பிச் செய்யும்போது நமக்குத் தெரிவதில்லை.

நாங்கள் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. திரையில் வரும் ஒவ்வொருவருக்கும் அந்தக் காட்சியில் தனக்கென்று ஒரு தேவை இருக்க வேண்டும். கடன் வசூலிக்க வந்தாலும் சரி, மருந்து கேட்டு வந்தாலும் சரி. நாயகிக்கு உதவவோ இடைஞ்சல் செய்யவோ மட்டும் ஒருவர் வந்தால் அந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டோம்.

சாதி?

வருகிறது. இது பற்றிக் குழுவில் ஒருவர் விலகியே போனார். கப்பல் ஏறியதும் சாதி கடலில் விழுந்துவிட்டது என்று பேசுவது நமக்குப் பிடிக்கும். ஆனால் சில தோட்டங்களில் லயமே தனி, குழாயடியில் முறை தனி, கோயிலில் நிற்கும் இடம் தனி. பெண்கள் தினமும் நிற்பது குழாயடியில் என்பதால் அவர்களுக்கு இது தினமும் உறைத்தது. ஜப்பான் காலத்தில் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கு தின்று சாக்கை உடுத்தியபோது கொஞ்சம் தளர்ந்த கோடு, அரிசி வந்தவுடன் மறுபடி இறுகுவதாக எழுதியிருக்கிறோம். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டும் வசனம் ஒரே இடத்தில் வருகிறது, சொல்கிறவள் நாயகியேதான். அவளை நல்லவளாகவே வைத்திருக்க நாங்கள் விரும்பவில்லை.

சீனப் பெண்கள்?

கிந்தா பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஆற்று மணலை மரத்தட்டில் அலசி ஈயம் எடுத்த டூலாங் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நின்றார்கள். எங்கள் கதையில் வரும் சீன அம்மாள் போருக்கு முன் அந்த வேலை செய்தவள். போரில் காட்டோரம் குடிசை போட்டுக் காய்கறி பயிரிடுகிறாள். அவளும் நாயகியும் உப்புக்குக் கிழங்கு மாற்றிக்கொண்டவர்கள். 1950-ல், காட்டுப் போராளிகளுக்கு உதவி போகாமல் தடுக்கும் பிரிக்ஸ் திட்டம் வந்ததும் அவள் குடிசையைக் காலி செய்து லாரியில் ஏற்றுகிறார்கள். அப்படி சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். தோட்டத் தொழிலாளர்களையும் வேலிக்குள் ஒன்றுசேர்த்தார்கள், அது நம் பக்கக் கதை.

இங்கே பத்தாங் காலியை நினைத்துக்கொள்ள வேண்டும். 1948 டிசம்பர் 12 அன்று சிலாங்கூரில் ரப்பர் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் ஆயுதம் இல்லாத 24 ஆண்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் முதலிலேயே பிரித்து லாரியில் அனுப்பிவிட்டார்கள். பிற்காலத்தில் வழக்கு லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது, 2015-ல் விசாரணை தேவையில்லை என்று தீர்ப்பானது. அத்தனை வருடம் அதைப் பேசிக்கொண்டே இருந்தவர்களில் அந்த லாரியில் போனவர்களும் இருந்தார்கள். படத்தில் அந்தச் சம்பவம் இல்லை. ஆனால் சீன அம்மாளாக நடிப்பவருக்கு அதைச் சொல்லியிருக்கிறோம், லாரியைப் பார்த்ததும் அவர் உடம்பில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

மலாய்ப் பாத்திரம் போலீஸ்காரர் மட்டும்தானா?

அவசரகாலத்தில் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்களில் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள், எனவே ஒருவர் வருகிறார். அவருடைய அக்காளும் வருகிறாள். 1946-ல் மலாய்ப் பெண்கள் மலாயன் யூனியன் என்ற பிரிட்டிஷ் ஆட்சித் திட்டத்தை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள், அதே ஆண்டில் ஆவாஸ் என்ற இடதுசாரிப் பெண்கள் அமைப்பும் தோன்றியது. சம்சியா ஃபக்கே அதன் தலைவர்களில் ஒருவர். அக்காள் ஆவாஸ் கூட்டத்துக்குப் போனவள், தம்பி சீருடையில் நிற்கிறவன். ஒரே வீட்டுக்குள் இந்த முரண்பாடு போதுமானது.

ஓராங் அஸ்லி?

இதில்தான் எங்களுக்குப் பயம் அதிகம். எங்கள் ஊருக்கு அருகே லாசா பக்கம் போனால் ஓராங் அஸ்லி (பழங்குடி) இனங்களில் ஒன்றான தெமியார் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவசரகாலத்தில் அவர்களைக் காட்டிலிருந்து இறக்கி வெக்கையான சமவெளி முகாம்களில் அடைத்தார்கள். நோயில் பலர் இறந்தார்கள். காட்டைக் காட்டும்போது பின்னணி அலங்காரமாக அவர்களை நிறுத்துவது, மந்திரம், மயில்தோகை மாதிரி எதையாவது மாட்டிவிடுவது, இவை இல்லை. மூங்கில் குழாயைத் தரையில் தட்டிப் பெண்கள் பின்பாட்டுப் பாடும் அவர்களுடைய நிகழ்ச்சியைப் படத்தில் சேர்க்கலாமே என்று பலர் கேட்டார்கள். அது அவர்களுக்குச் சிகிச்சையும் வழிபாடும் சேர்ந்தது, நாம் நடிக்கும் பாட்டுக் காட்சி அல்ல. வருவது இரண்டு தெமியார் பாத்திரங்கள்: பிரம்பு விற்கும் தாயும் மகளும். நடிப்பவர்களும் தெமியார்களே. வசனத்தைத் தெமியார் மொழியில் அவர்களே அமைத்தார்கள்.

படித்த பெண் யாரும் இல்லையா?

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் உண்டு, யுரேஷிய (ஐரோப்பிய–ஆசியக் கலப்பு) பெண். பேராக்கில் பாப்பான் என்ற ஊரில் மருத்துவச் சேவை செய்து, காட்டுப் போராளிகளுக்கு மருந்து கொடுத்ததற்காக ஜப்பானியர்களிடம் சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசு 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார். எங்கள் நர்ஸ் அவர் அல்ல. ஆனால் பேராக்கில் நர்ஸ் என்றதும் எல்லோருக்கும் அவர் நினைவு வரும், அதனால் அவருடைய மரணச் செய்தியை நர்ஸ் பத்திரிகையில் படிப்பதாக ஒரு சின்னக் காட்சி.

மகாத்மா காந்தி கலாசாலையைக் காட்டலாமே?

எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியான கலாசாலை 1954-ல் தொடங்கியது. எங்கள் கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மன்னிக்கவும்.

பாத்திரங்கள் என்ன மொழியில் பேசுவார்கள்?

லயத்தில் தமிழ், தெலுங்கு. சீன அம்மாளும் நாயகியும் பசார் மலாயில் (சந்தைப் பேச்சு மலாயில்), தப்பும் தவறுமாக. எழுத்துத் தமிழில் நீளமாகப் பேசும் 'அந்தக் காலத்து வசனம்' இல்லை. பேராக்கில் ரப்பர் காட்டில் ஓடிக்கொண்டே யாரும் மேடைத் தமிழ் பேசியிருக்க மாட்டார்கள்.

பெக்டெல் சோதனையில் தேறுமா?

1985-ல் அமெரிக்கச் சித்திரக்கதைக்காரர் அலிசன் பெக்டெல் வரைந்த கேலியிலிருந்து வந்த அளவுகோல் அது: இரண்டு பெண்கள் தங்களுக்குள் ஆணைத் தவிர வேறு எதையாவது பேசுகிறார்களா? எங்கள் படம் முதல் ஐந்து நிமிடத்தில் தேறிவிடும். ஆனால் இரண்டு பெண்கள் சேலை விலையைப் பேசினாலும் தேறும், அதனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பழைய சேலை, பொருள் தரலாமா?

பருத்திச் சேலை மட்டும். பட்டு வேண்டாம், பளபளக்கும் செயற்கை இழை வேண்டவே வேண்டாம். நைந்து, ஒட்டுப்போட்டிருந்தால் இன்னும் நல்லது, போருக்குப் பின் துணி கிடைக்காத காலம் அது. ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகள் அதை வைத்து விளையாடும் காட்சி இருக்கிறது. 1941 என்று அச்சடித்த மலாயா வெள்ளி நோட்டும் ஆகும், அது போருக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. காலில் செருப்பு இல்லாமல் நடிக்க ஒத்துக்கொள்கிறவர்களும் வேண்டும். இன்னொன்று: சுற்றிலும் செம்பனை ஆகிவிட்டதால் பழைய ரப்பர் மரம் நிற்கும் துண்டு நிலம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

தணிக்கையில் வெட்டிவிட மாட்டார்களா?

அவசரகாலக் கதை என்றாலே இந்தப் பயம் உண்டு. காட்டுக்குப் போனவர்களைப் புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது வானொலிச் செய்தியாக வருகிறது. வெட்டினால் அதற்கு அப்போது பதில் சொல்வோம்.

எங்கள் பாட்டிக்கு அந்தக் காலம் நினைவிருக்கிறது. வந்து பேசுவீர்களா?

கட்டாயம். பாட்டி சம்மதித்தால் மட்டும் ஒலிப்பதிவு. பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவோம், படத்தில் சேர்க்கும் எதிலும் பெயர், தோட்டம், உறவு எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம். பதிவின் நகல் குடும்பத்துக்கு வரும். எங்கள் குழுவில் பெண்கள் இருவர் வருவார்கள், சில விஷயங்களை ஆண்கள் முன் பேச அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். காலை பத்து மணிக்கு மேல் வசதி. ஒரே வேண்டுகோள்: மகனோ மருமகனோ பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிக்குப் பதிலாகப் பதில் சொல்ல வேண்டாம்.